பூஜ்யம் என்றது பெட்டி

கரண்ட் இல்லாத வீட்டில் எங்கோ ஒரு ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கே நிறுத்திவிட்டார்கள். மாலை ஐந்துக்குத்தான் வரும் என்று முந்தின நாளே செய்தி வந்திருந்தது. ஆரணியில் கரண்ட் போனால் வெளிச்சம் போவதைவிடச் சத்தம் போவதுதான் முதலில் தெரியும். தெரு முழுக்க ஓடும் விசைத்தறிகளும், நூல் முறுக்கும் மிஷின்களும், மெயின் ரோட்டுப் பக்கத்து ரைஸ்மில்லும் ஒரே நேரத்தில் அடங்கிவிட, எந்த வீட்டில் யார் யாரைத் திட்டுகிறார்கள் என்பதுவரை கேட்கும். அன்றைக்குத் திட்டுவதற்கும் ஆள் இல்லை. கத்திரி வெயில் பதினோரு மணிக்கே தெருவைக் காலி செய்திருந்தது. ஒரு காக்காய்கூடக் கத்தவில்லை. அந்த அமைதிக்குள் மெல்லிசாக, கொசுவின் ரீங்காரத்தைவிடக் கொஞ்சம் கனமாக, விர்ரென்று ஒரே சுருதியில் அந்தச் சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

சுகன்யா முதலில் தன் லேப்டாப்பைத்தான் சந்தேகப்பட்டாள். குனிந்து அதன் முதுகில் காதை வைத்துக் கேட்டாள். அது இல்லை. அறை மூலையில் இருந்த யூபிஎஸ்ஸைத் தொட்டுப் பார்த்தாள். அவளுடைய மேஜைக்கும் இன்டர்நெட் பெட்டிக்கும் மட்டும் உயிர் கொடுக்கிற கிழட்டு யூபிஎஸ், வழக்கம்போல முனகிக்கொண்டு இருந்தது. அதுவும் இல்லை. கதவைத் திறந்து நடையில் நின்றபோது சத்தம் கொஞ்சம் பெரிதானது. சமையலறையைத் தாண்டியபோது இன்னும் கொஞ்சம். பின்கட்டுக் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தபோது, எங்கிருந்து வருகிறது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததால்தான் கை அப்படியே நின்றது.

பின்கட்டில் சிமெண்ட் ஷீட் போட்ட ஒரு சின்னத் தறிக்கூடம் இருக்கிறது. ஒரே ஒரு கைத்தறி. பதினாறு நாளாகப் பூட்டிக் கிடக்கிறது. அந்தக் கூடத்துக்குப் போகும் லைனின் பீஸ் கட்டையை அவள் கணவன் சிவப்பிரகாசம் அன்றைக்கே பிடுங்கி, பாலிதீன் கவரில் சுற்றி, ஃப்ரிட்ஜ் மேலே வைத்துவிட்டான். சுகன்யா திரும்பி வந்து ஃப்ரிட்ஜ் மேலே தடவினாள். கவர் இருந்தது. பிரித்தாள். வெள்ளைப் பீங்கான் கட்டை இருந்தது. ஊருக்கே கரண்ட் இல்லை, அந்தக் கூடத்துக்கு அதற்கு முன்பே இல்லை. கட்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவள் அந்த விர்ரைக் கேட்டபடி நின்றாள்.

அந்தக் கூடத்தில் கடைசியாக நெய்தவர் அமலோற்பவம். சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் வீட்டிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு டிபன் பாக்ஸோடு வருவார். வாய் ஓயாது. சுகன்யாவும் சிவப்பிரகாசமும் வீட்டிலிருந்தே ஒரு பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்ப்பவர்கள். அந்தக் கம்பெனி, தறியின் மேலே உட்கார்ந்து, பட்டுச் சேலையில் புட்டாவும் பார்டரும் விழுவதற்கு எந்த இழை எழ வேண்டும், எது படுக்க வேண்டும் என்று முடிவு செய்கிற ஒரு பெட்டியைச் செய்தது. அதற்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர், அதைக் குளிரவைக்க ஒரு குட்டி ஃபேன். அதைப் போட்டு ஓட்டிப் பார்க்க வைத்த முதல் தறியில் உட்கார ஒப்புக்கொண்டவர்தான் அமலோற்பவம். "உங்க பொட்டி என்ன தின்னுடாதே?" என்று சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்தார்.

பெட்டிக்குள் இருக்கும் பிராசஸருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வேலை குவிந்தால், தனக்கு விதித்த வேகத்தைத் தாண்டிக் கொஞ்ச நேரம் ஓடித் தீர்க்கும். அதற்குப் பூஸ்ட் என்று பெயர். ஓடினால் சுடும். ஏசி அறையில் சுட்டால் ஒன்றும் இல்லை. கத்திரியில், சிமெண்ட் ஷீட்டுக்கு அடியில், ஒரு மனுஷியின் தலைக்கு நேர் மேலே சுடலாமா? கூடாது என்று கம்பெனியில் சண்டை போட்டவள் சுகன்யா. கெர்னல் என்பது பிராசஸரோடு நேரடியாகப் பேசுகிற அடிமட்டப் புரோகிராம். பூஸ்ட் விவகாரத்தை அது அதுவரை தன் மடியிலேயே ஒளித்து வைத்திருந்தது. அதை வெளியே திறந்து வைக்க வேண்டும், ஒரு சின்னக் கோப்பு போதும், 1 எழுதினால் பூஸ்ட் ஓடட்டும், 0 எழுதினால் நிற்கட்டும், பெட்டியின் முகப்பில் ஒரு பட்டன் இருக்கட்டும், நெசவாளியே அழுத்தி நிறுத்திக்கொள்ளட்டும் என்றாள். யோசனை அவளுடையது. ஆனால் அவள் டெங்குவில் விழுந்து கிடந்த மாதத்தில், கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, அவளுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு, அந்தக் கோட் முழுவதையும் எழுதி முடித்தது சிவப்பிரகாசம். அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு நிறையும். இப்படியொரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று தங்கையிடம் பீற்றிக்கொண்டதும் உண்டு.

வெயில் ஏறிய மாதத்தில் அமலோற்பவம் இரண்டு முறை வந்து சொன்னார். "பாப்பா, பட்டன அமுக்கிட்டேன், ஆனாலும் மேல சுடுதும்மா. மண்டையெல்லாம் கொதிக்குது." சுகன்யா இருந்த இடத்திலிருந்தே லேப்டாப்பில் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தாள். இரண்டு முறையும் 0 என்று இருந்தது. "ஆஃப்லதாங்கா இருக்குது. வெயிலுதான். பயப்படாதீங்க" என்றாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று போய் உட்கார்ந்தார். மூன்றாவது முறை வரவில்லை. ஒரு மதியம் தறியிலேயே சாய்ந்துவிட்டார். சாவுக்குக் காரணம் வெப்பத் தாக்குதல் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

சுகன்யா மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். பெட்டிக்கும் அவள் அறைக்கும் இடையே ஒரு கேபிள் இன்னும் ஓடுகிறது. அணைந்து கிடக்கிற பெட்டி பதில் சொல்லாது, சொல்லவில்லை என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் இந்த விர்ரென்ற சத்தத்தைப் பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் தலையில் கட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். கட்டளையை அடித்தாள்.

பெட்டி பதில் சொன்னது.

பழக்கதோஷத்தில் விரல்கள் தாமாகவே அந்தக் கோப்பைப் படித்தன. 0. ஒரு நிமிஷம் அவளுக்கு ஆறுதல்கூட வந்தது, இத்தனை வருஷமாக அந்த மாதிரி எண்களை நம்பிப் பழகிய மனசு. அப்புறம்தான் அவள் அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தாள். கோப்பை விட்டுவிட்டு, சிப் தனக்குத்தானே வைத்திருக்கும் துடிப்புக் கணக்கை நேராகப் படித்தாள். விதித்த வேகம் 1.8 கிகாஹெர்ட்ஸ். பூஸ்ட்டில் ஓடினால் அதிகபட்சம் 2.4. திரையில் வந்த எண் 2.4.

மறுபடி படித்தாள். 2.7.

மறுபடி. 3.1. அந்தச் சிப்பால் போக முடியாத வேகம் அது. சூடு 118 டிகிரி. நூற்றுப்பத்தைத் தொட்டதுமே அது தானாக அணைந்திருக்க வேண்டும். 0 எழுதினாள். 0 என்றது. படித்தாள். 3.3. விர்ரென்ற சத்தம் அரை சுருதி ஏறியிருந்தது.

கூடத்துச் சாவி சமையலறை ஆணியில் தொங்கியது. எடுத்துக்கொண்டு பின்கட்டில் இறங்கியபோது சிமெண்ட் தரை செருப்பையும் மீறிச் சுட்டது. பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினாள். உள்ளேயிருந்து வந்த காற்று முகத்தில் அறைந்தது. ஷீட்டின் வெக்கை, மரத்தின் எண்ணெய் வாடை, பட்டின் வாடை, அதற்கும் அடியில் லேசாக முடி கருகின வாடை. ஜன்னல் வழியே விழுந்த வெயில் பட்டையில் தூசு மிதக்கவில்லை, ஒரே பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது, மேலே இருக்கும் பெட்டியை நோக்கி. பெட்டியிலிருந்து தொங்கும் நூறு நூறு கயிறுகளும் அசைந்தன. ஒரு வரிசை எழுந்தது. படுத்தது. அடுத்த வரிசை எழுந்தது. படுத்தது. யாரோ கீழே உட்கார்ந்து காலால் மிதித்தால் எப்படி எழுந்து படுக்குமோ, அப்படி. பலகையில் யாரும் இல்லை. மிதிகட்டை அசையவில்லை. பெட்டி மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

சுகன்யா சுவரோரமாகவே நகர்ந்து பிளக்கைப் பிடித்து இழுத்தாள். கழன்று கையோடு வந்தது. மூன்று பித்தளைக் கால்களும் அவள் விரலிடுக்கில் இருந்தன. வயர் அவள் கையிலிருந்து மேலே பெட்டிவரை தொங்கியது. தகவல் மட்டும் போகிற அந்த மெல்லிய கேபிளைத் தவிர வேறு எந்தக் கம்பியும் அதற்குப் போகவில்லை.

ஃபேன் நிற்கவில்லை.

கதவைப் பூட்டினாளா என்று தெரியாமலேயே ஓடி வந்தாள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நெற்றியைக் கதவிலேயே வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். மணி ஒன்று நாற்பது. தெருவில் வெயில் கொஞ்சமும் குறையாமல் அடித்துக்கொண்டிருந்தது. பேய்க்குப் பயப்பட இருட்டாவது வேண்டாமா, இப்படி வெட்டவெளிச்சத்திலா என்று தன்னையே அதட்டிப் பார்த்தாள். உடம்பு கேட்கவில்லை.

லேப்டாப்பில் ஒரு மெயில் வந்து உட்கார்ந்திருந்தது. யாரும் கையால் அனுப்புகிற மெயில் அல்ல. கெர்னலில் சேர்ந்த ஒரு திருத்தத்தைப் பழைய பதிப்புகளுக்கும் எடுத்துப் போகும்போது, அந்தத் திருத்தத்தின் அடியில் பெயர் இருக்கும் எல்லோருக்கும் தானாகப் போகிற தகவல். அந்த உலகத்தில் யாரும் யாருடைய முகத்தையும் பார்த்ததில்லை. பெயர்தான் ஆள். எழுதியவர் பெயர், பார்த்துச் சரி சொன்னவர் பெயர், உண்மையான மெஷினில் ஓட்டிப் பார்த்தவர் பெயர் என்று ஒவ்வொரு திருத்தத்துக்கும் அடியில் வரிசையாக நிற்கும். ஓட்டிப் பார்த்தவருக்கு டெஸ்டட்-பை என்று ஒரு வரி. பதினோரு வருஷத்தில் சுகன்யா அறுபத்துச் சொச்சம் திருத்தங்களுக்கு அந்த வரியைக் கொடுத்திருக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் மெஷினை எதிரில் வைத்துக்கொண்டு நாள் கணக்கில் உட்கார்ந்திருக்கிறாள். சுகன்யா சோதித்தாள் என்றால் வெளிநாட்டில் இருக்கும் பெரிய தலைகளும் மறுபேச்சுப் பேசாமல் எடுத்துக்கொள்வார்கள். அவள் சம்பாதித்த சொத்து அது ஒன்றுதான்.

மெயிலில் இருந்தது பூஸ்ட் கோப்பைத் திறந்து வைக்கும் திருத்தம். எழுதியவர், சிவப்பிரகாசம். அதற்குக் கீழே டெஸ்டட்-பை, சுகன்யா.

தேதியைப் பார்த்தாள். அவள் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு கிடந்த நாள்.

முதல்முறையாக அந்தக் கோட் முழுவதையும் வரி வரியாகப் படித்தாள். இதுவரை படிக்கவில்லையா என்றால், படிக்கவில்லை. கஞ்சி ஊட்டின கை எழுதியதைச் சரி பார்க்கத் தோன்றவில்லை. கோப்பைப் படித்தால் சிப்பைக் கேட்காமல், கடைசியாக எழுதியதையே திருப்பிக் காட்டும்படி இருந்தது. கேட்டைப் பூட்டியாச்சா என்று வாட்ச்மேனைக் கேட்டால், எழுந்து போய்ப் பார்க்காமல், நீங்க பூட்டச் சொன்னீங்க இல்ல, பூட்டினதாவே வெச்சுக்கங்க என்பது மாதிரி. எழுதும் பக்கம் அதைவிட மோசம். இந்த ஒரு சிப்புக்கு மட்டும், சிப்பிடம் எதையுமே சொல்லாமல் திரும்பிவிடும்படி ஒரு நிபந்தனை. தவறி விழுந்த வரி இல்லை. யோசித்து, இடம் பார்த்து, நைசாக வைத்த வரி.

அவளுக்கு அழுகை வரவில்லை. ஏமாந்துவிட்டேன் என்று வாய்விட்டே சொன்னாள். அவன் பொய்யைத் தன் வாயால் அமலோற்பவத்திடம் சொல்லியிருக்கிறாள். இரண்டு முறை.

போனை எடுத்தாள். மூன்றாவது ரிங்கில் எடுத்தான்.

"இன்னா சுகு, சாப்ட்டியா?"

"டெஸ்டட்-பைன்னு என் பேர நீங்களா போட்டீங்க?"

அந்தப் பக்கம் ஏதோ விர்ரென்று கேட்டது. ஒன்று அல்ல, பல.

"அதுவா... நீ ஜுரத்துல படுத்துகினு இருந்த. யாராச்சும் ஓட்டிப் பாத்தாங்கன்னு பேர் இல்லாம அவங்க எடுக்க மாட்டேன்னுட்டாங்க. உன் பேர்னா கேள்வியே கேக்க மாட்டாங்க. பேருதானே சுகு. நான் இன்னா ஊரான் பேரையா போட்டேன்?"

"நான் ஓட்டிப் பாக்கலயே."

"பாத்திருந்தா நீ உட்ருக்க மாட்ட." அவன் குரலில் ஒரு சோர்வு இருந்தது. "பூஸ்ட்ட நிறுத்துனா தறி திக்கித் திக்கி ஓடுது. அத எவன் வாங்குவான்? கம்பெனில ஒரே பேஜாரு. ரொம்ப சூடானா சிப்பு தானே நின்னுடும்னு நெனச்சேன்."

"அமலோற்பவம் அக்கா செத்துட்டாங்க."

"தெரியும்."

"எங்கிட்ட வந்து சொன்னாங்க. சுடுதுன்னு சொன்னாங்க. நான் ஆஃப்ல இருக்குதுன்னு சொன்னேன்."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். பிறகு மெதுவாக ஆரம்பித்தான்.

"சுகு, உங்கிட்ட ஒண்ணு சொல்லல. அன்னிக்கி நான் கூடத்துக்குப் போனப்போ அவங்க நெய்துகினுதான் இருந்தாங்க. அக்கா அக்கான்னு கூப்ட்டேன், திரும்பல. தோளத் தொட்டேன், அடுப்பு மேல கை வெச்ச மாதிரி இருந்துச்சி. மூக்குகிட்ட வெரல வெச்சேன். மூச்சு இல்ல. மணிக்கட்டப் புடிச்சேன். நாடி இல்ல சுகு. ஒண்ணுமே இல்ல. ஆனா கை நிக்கல. தறி நாடாவ இந்தப் பக்கம் தள்ளுது, அந்தப் பக்கம் தள்ளுது. பீஸ் கட்டையப் புடுங்குனேன். அப்பவும் நிக்கல. முக்கா மணி நேரம். கதவ சாத்திகினு வெளிய நின்னுகினே இருந்தேன். நின்னப்புறம்தான் உன்னக் கூப்ட்டேன்."

அந்த முக்கால் மணி நேரம் சுகன்யாவுக்கு ஞாபகம் இருந்தது. இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். பின்கட்டிலிருந்து தறிச் சத்தம் தடதடவென்று வந்துகொண்டிருந்தது. இந்த வெயிலில் என்ன வேகமாக நெய்கிறார், சாயந்திரம் ஒரு மோர் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

"வந்தவாசி பக்கத்துல, சந்திரமோகன் தறிக்கூடத்துல. ஒம்போது பெட்டி மாட்டியாச்சு. இங்கயும் ஷீட்டுதான். வெக்க தாங்கல."

"ஆளுங்கள வெளிய அனுப்புங்க. ஜல்தி. எல்லாத்தையும் நிறுத்திட்டு நீங்களும் வெளிய வாங்க."

"இரு... இரு. பட்டன அமுக்கிட்டேன். ஒம்போதும் பூஜ்யம்தான் காட்டுது."

"காட்றத நம்பாதீங்க! கையால தொட்டுப் பாருங்க."

"தொடறேன்" என்றான்.

சொய்ங் என்று தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த சத்தம். அவன் கத்தவில்லை. லைன் கட்டானது.

திருப்பி அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. தொடச் சொன்னது நான்தானே என்ற எண்ணம் தலைக்குள் ஆணி மாதிரி இறங்கியது. சற்று முன்வரை அவனை அறைய வேண்டும் போல இருந்தது. இப்போது அவன் குரலைக் கேட்டால் போதும். உயிரோடு வந்து இன்னும் பத்துப் பொய் சொல்லட்டும். வந்தால் போதும்.

இரண்டு இருபதுக்கு ஒரு மெயில் வந்தது. பூஸ்ட் திருத்தத்துக்கு வந்த மறுமொழி. அவன் முகவரியிலிருந்து. சோதனை செய்தவர்கள் எழுதுகிற வழக்கப்படி, வெட்டுவெட்டாக மூன்று வரி.

0 எழுதினேன். 0 என்று படித்தேன். நிற்கவில்லை.

டெஸ்டட்-பை, சிவப்பிரகாசம்.

அவன் முதல்முறையாகக் கொடுத்த நேர்மையான அறிக்கை. மெயில் போட்டிருக்கிறான், அப்படியென்றால் உயிரோடுதான் இருக்கிறான் என்று அதையே பிடித்துக்கொண்டாள் சுகன்யா. போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"மேடம், நான் சந்திரமோகன் பேசறேன். வந்தவாசில இருந்து. சார் வீட்டுக்கு வந்துட்டாரா மேடம்?"

"அங்கதானே இருக்கார்?"

"இல்லிங்க மேடம். பெட்டியத் தொட்டவரு அப்பிடியே வுழுந்துட்டாரு. பக்கத்துல கிளினிக்குல இருந்து டாக்டர இட்டாந்தோம். ஒரு பத்து நிமிஷம் நெஞ்ச அமுக்குனாரு. அப்புறம் நாடி இல்லம்மா, முடிஞ்சிபோச்சுன்னுட்டாரு. வீட்டுக்குத் தகவல் சொல்லலாம்னு நம்பர் தேடிகினு இருந்தோம். அதுக்குள்ள எழுந்து உக்காந்துட்டாரு மேடம். யாரையும் பாக்கல. போன எடுத்து ஏதோ டைப் அடிச்சாரு. பைக்க எடுத்துகினு போய்ட்டாரு. டாக்டரே மெரண்டு போய் நிக்கறாரு. இப்பதான், அஞ்சு நிமிஷம்கூட ஆவல..."

வந்தவாசியிலிருந்து ஆரணிக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

வாசலில் கேட் திறந்தது.

"மேடம்? மேடம்?" என்று போனில் சந்திரமோகன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவள் போனைக் கீழே வைத்தாள். பைக் சத்தம் கேட்கவே இல்லை. செருப்பைக் கழற்றும் சத்தம். நடையில் காலடி. வழக்கமாக அவன் காலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பான். இது தட் தட் தட் தட் என்று வந்தது.

கதவு திறந்தது.

சிவப்பிரகாசம்தான். அதே நீலக் கோடு போட்ட சட்டை. ஒரு சொட்டு வேர்வை இல்லை. நாற்பது டிகிரி வெயிலில் வந்தவன் சட்டை மொடமொடவென்று காய்ந்திருந்தது. தலைமுடியின் நுனிகள் சுருண்டிருந்தன. அவனோடு கூடவே அந்த வாடை வந்தது. அசல் பட்டுதானா என்று பார்க்க ஊரில் ஓர் இழையைக் கொளுத்திப் பார்ப்பார்கள், முடி கருகுகிற வாடை வரும். அது.

"ஆஃப் பண்ணிட்டேன் சுகு" என்றான். சிரித்தான்.

எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் ஜுரத்தில் கிடந்தபோது கட்டிலோரம் போட்டு உட்கார்ந்த அதே மாதிரி, முழங்கால்களைச் சேர்த்துக்கொண்டு. வலது உள்ளங்கையில் தோல் இல்லை. பெட்டியின் மூடியில் இருக்கும் காற்று ஓட்டைகள் வரிசை வரிசையாக அதில் பதிந்திருந்தன.

"தப்புதான் சுகு, உன் பேரப் போட்டது தப்புதான், நாளைக்கே மெயில் போட்டு எடுத்துடறேன், அமலோற்பவம் அக்கா வீட்டுக்கும் போறேன், அவங்க பசங்ககிட்ட சொல்லிடறேன், இனிமே உங்கிட்ட கேக்காம ஒண்ணும் செய்ய மாட்டேன், நீ ஒண்ணும் கவலப்படாத, எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டேன், ஒம்போதும் ஆஃப், எல்லாம் பூஜ்யம்..."

மூச்சு விடாமல் பேசினான். நெஞ்சைப் பார்த்தாள். ஏறவில்லை. இறங்கவில்லை. பேச்சு மட்டும் வந்தது.

அவள் கையை நீட்டினாள். நீட்ட வேண்டாம் என்று உடம்பு முழுக்கக் கத்தியது. நீட்டினாள். அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். சுட்டது. விடாமல் பிடித்தாள். விரலை நாடியில் அழுத்தினாள். காத்திருந்தாள்.

ஒன்றும் இல்லை.

"நாளைக்கே மெயில் போட்டு எடுத்துடறேன் அக்கா வீட்டுக்கும் போறேன் உங்கிட்ட கேக்காம ஒண்ணும் செய்ய மாட்டேன்..." இப்போது வேகம் கூடியிருந்தது. சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லை. கால் தரையில் தந்தியடித்தது. விரல்கள் முழங்காலில் அந்தப் பக்கம், இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இந்தப் பக்கம்.

கண்களைப் பார்த்தாள். அவை மட்டும் ஓடவில்லை.

கண்கள் அவனுடையவை. உள்ளே அவன் இருந்தான். வாய் என்ன சொல்கிறது என்பதே தெரியாமல், பயந்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மெதுவாக, மிக மெதுவாக, அந்தக் கண்கள் அவள் முகத்திலிருந்து நகர்ந்து லேப்டாப்பைப் பார்த்தன. மறுபடி அவளைப் பார்த்தன. கெஞ்சின.

"நிறுத்திடறேங்க" என்றாள் சுகன்யா. "இதோ, நிறுத்திடறேன். பயப்படாதீங்க."

சொன்ன பிறகுதான் தன் குரல் தன் காதில் விழுந்தது. அதே சொல். அமலோற்பவத்திடம் சொன்ன அதே சொல்.

அவன் விரல்கள் அவள் இடது கையைச் சுற்றிக்கொண்டன. இறுகின. அவள் தோல் பொசுங்கும் வாடை அவளுக்கே வந்தது. வலது கையால் தட்டினாள். திறந்திருந்தது பின்கட்டுப் பெட்டியின் கோப்பு ஒன்றுதான். அவளிடம் இருந்ததும் அது ஒன்றுதான்.

0 எழுதினாள்.

0 என்றது.

அவன் உதடுகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் துடித்தன. சொற்கள் கரைந்து ஒரே சுருதியாயின. விர்ர். பின்கட்டிலிருந்தும் அது. எதிர் நாற்காலியிலிருந்தும் அது.

0 எழுதினாள். 0 என்றது.

0. 0.

சட்டைக் காலரிலிருந்து மெல்லிசாகப் புகை எழுந்தது. ஜன்னல் வெயிலில் நன்றாகத் தெரிந்தது. அவன் கண்ணோரத்தில் ஒரு சொட்டு நீர் திரண்டு, விளிம்பைத் தாண்டி, கன்னத்தில் இறங்கத் தொடங்கியது. இறங்கும் முன்பே ஆவியாகிப் போனது. அடுத்த சொட்டு திரண்டது.